வரைதற் கல்வியும் மூன்றாம் மறைபுள்ளியும்

கல்லூரி விழா மலர்களுக்குப் பழைய மாணவர் எழுதி உதவும் கட்டுரைகள் பெரும்பாலும் நினைவுக் கட்டுரைகளாகவே அமைவது வழக்கம். ஓடியாடிய மைதானமும், அஞ்சி ஒடுங்கிய பிரம்பும், வெள்ளிக்கிழமைப் பூசையும் அவற்றில் தவறாது இடம்பெறும். அவ்வினிய நினைவுகள் எமக்கும் உள. எனினும், யாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் வேறு. மாணவராய் இருந்த காலத்தில் யாம் கற்று, பரீட்சையில் நல்ல புள்ளிகளும் பெற்று, ஆயினும் விளங்கிக்கொள்ளாது விட்ட ஒரு பாடத்தைப் பற்றியே எழுதப் புகுகின்றோம். அது வரைதற் பாடத்தில் வரும் இயலுறு தோற்றம். அதனுள்ளும் சிறப்பாக, மூன்று மறைபுள்ளிகளைக் கொண்ட தோற்றம்.

யாம் அதனைக் கற்ற முறை இது. தாளின் மேற்பகுதியில் அடிவானக் கோடு ஒன்றை வரைக. அதன் இரு முனைகளிலும் இரண்டு புள்ளிகளை இடுக. தாளின் அடியில் மூன்றாவதாக ஒரு புள்ளியை இடுக. பெட்டியின் நீளங்களை ஒரு புள்ளிக்கும், அகலங்களை மற்றதற்கும், உயரங்களை மூன்றாவதற்கும் இழுத்து முடிக்க. இவ்வளவே. அப்புள்ளிகளை ஏன் அங்கு இடுகின்றோம், வேறிடத்தில் இட்டால் யாது நிகழும் என்று யாம் கேட்டதுமில்லை. கேட்கவேண்டும் என்று எமக்குத் தோன்றியதுமில்லை. புள்ளிகள் கிடைத்தன, புள்ளிகளின் பொருள் கிடைக்கவில்லை. இக்குறை எமதேயன்றிப் பிறரது அன்று. எமக்கு வரைதல் கற்பித்த ஆசிரியப் பெருந்தகை ஒருநாள் எம்மை வகுப்பறை யன்னலண்டை அழைத்துச் சென்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளியே தெரியும் கட்டடத்தைக் கண்ணாடியின் மீதே சவர்க்காரத் துண்டினால் வரையுமாறு பணித்தார். யாம் அதனை விளையாட்டென எண்ணிச் சிரித்தோம். முழுப் பாடமும் அக்கண்ணாடியில் இருந்தது என்பதை அறிய எமக்குப் பல்லாண்டுகள் சென்றன.

அக்கண்ணாடியிலிருந்தே தொடங்குவோம். கண் ஓரிடத்தில் அசையாது நிற்கின்றது. அதற்கெதிரே ஒரு கண்ணாடித் தளம். வெளியேயுள்ள பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கண்ணை நோக்கி ஒரு கதிர் வருகின்றது. அக்கதிர் கண்ணாடியை ஊடறுக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டே சென்றால், அக்குறிகளின் தொகுதியே இயலுறு தோற்றம். இதில் மாயமுமில்லை, ஓவியன் கைவண்ணமுமில்லை. இது முற்றிலும் கேத்திரகணிதம். இனி, ஒரே திசையிற் செல்லும் சமாந்தரக் கோடுகளை எண்ணுக. அக்கோடுகளின்மேல் நெடுந்தூரம் செல்லச் செல்ல, கண்ணுக்கு வரும் கதிர் அத்திசைக்கே சமாந்தரமாகிக்கொண்டு போகும். ஆகவே, கண்ணிலிருந்து அத்திசைக்குச் சமாந்தரமாக ஒரு கோட்டை நீட்டினால், அது கண்ணாடியை வெட்டும் இடமே அக்கோடுகள் அனைத்திற்கும் பொதுவான மறைபுள்ளி. கண்ணாடித் தளத்திற்கே சமாந்தரமான கோடுகளாயின், கண்ணிலிருந்து நீட்டிய கோடு கண்ணாடியை ஒருபோதும் வெட்டாது. அக்கோடுகளுக்கு மறைபுள்ளி இல்லை. அவை படத்திலும் சமாந்தரமாகவே நிற்கும்.

ஒரு பெட்டிக்கு மூன்று திசைகள் உண்டு: நீளம், அகலம், உயரம். கண்ணாடி அவற்றுள் இரண்டு திசைகளுக்குச் சமாந்தரமாக நின்றால் மறைபுள்ளி ஒன்று. ஒரு திசைக்கு மட்டும் சமாந்தரமாக நின்றால் இரண்டு. எத்திசைக்கும் சமாந்தரமாகாது சாய்ந்து நின்றால் மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று பாடநூல்கள் வகுக்கும் முறைகள் மூன்று வெவ்வேறு விதிகள் அல்ல. விதி ஒன்றே, கண்ணாடியின் நிலைதான் மூன்று.

இவ்வறிவு ஒரே நாளில் உலகுக்கு வந்ததன்று. இத்தாலியின் புளோரன்சு நகரிலே 15 ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் புரூணெலெசுக்கி என்னும் கட்டடக் கலைஞர், அந்நகரின் ஞானஸ்நான மண்டபத்தைப் பலகையொன்றில் வரைந்து, பலகையின் துளையூடாக ஆடியிற் பார்க்கச் செய்து இம்முறையின் உண்மையைக் காட்டினார். அல்பேட்டி 1435 இல் ஓவியம் பற்றிய தம் நூலில் அதனை எழுத்தில் வடித்தார். செருமானிய ஓவியர் டூறர் 1525 இல் வெளியிட்ட அளவை நூலில், கண்ணாடியையும் நூலிழையையும் கொண்டு வரையும் கருவிகளைப் படம்போட்டு விளக்கினார். சமாந்தரக் கோடுகள் யாவும் ஒரு புள்ளியிற் கூடும் என்பதற்குப் பொதுமுறையான நிறுவலை 1600 இல் குயிதோபால்தோ தெல் மொந்தே தந்தார். பின்னர், ஆங்கிலேயக் கணித அறிஞர் புறூக் ரெயிலர் 1715 இல் வெளியிட்ட நூலில், படத்தளம் நிலைக்குத்தாக நிற்கவேண்டும் என்னும் கட்டுப்பாட்டைக் களைந்து, எச்சாய்விலும் நிற்கும் தளத்திற்கு இவ்விலக்கணத்தை விரித்தார். மூன்றாம் மறைபுள்ளி அறிவுலகில் முறையாகக் குடியேறியது அதன்பின் என்று கொள்ளல் தகும்.

ஓவியர் பலர் அதனை ஏன் நாடவில்லை? அவர்தம் சீலை சுவரில் நேராகத் தொங்கியது. நேராகத் தொங்கும் தளத்திற்கு நிலைக்குத்துக் கோடுகள் சமாந்தரமானவை. ஆதலின் அவை படத்தில் கூடுவதில்லை. ஆயின், கூரையில் வரைய வேண்டியவர்க்கு நிலைமை வேறு. உரோமாபுரியிலுள்ள புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் வளைகூரையிலே, 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்திரேயா பொட்சோ வரைந்த ஓவியத்தில், வரைந்த தூண்கள் யாவும் உண்மைச் சுவரின் தொடர்ச்சி போல் எழுந்து மேலே ஒரு புள்ளியை நோக்கிச் செல்லும். பார்ப்பவர் நிற்கவேண்டிய இடத்தைத் தரையில் ஒரு பளிங்கு வட்டம் காட்டுகின்றது. அவ்வட்டத்தில் நின்றால் தூண்கள் நிமிர்ந்து நிற்கும். விலகினால் அவை சரிவனபோல் தோன்றும். உரோமாபுரி செல்ல வேண்டுமென்பதில்லை. எம் பனந்தோப்பில் மல்லாந்து கிடந்து மேலே நோக்கினால் மரங்கள் யாவும் தலைக்கு நேரே ஒரு புள்ளியிற் கூடுவதைக் காணாதார் எம்மில் யார்?

இங்கு மாணவர் பலரும், நூலெழுதுவோர் சிலரும் இழைக்கும் முதற் பிழையைச் சுட்டுதல் வேண்டும். "உயர்ந்த கட்டடமாயின் மூன்றாம் மறைபுள்ளி வேண்டும்" என்று அவர் கூறுவர். உயரத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. கண்ணாடி நிமிர்ந்து நின்றால், கோபுரம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அதன் நிலைக்குத்துக் கோடுகள் சமாந்தரமே. கண்ணாடி சாய்ந்தால், தீப்பெட்டிக்கும் மூன்றாம் புள்ளி உண்டு. நாம் அண்ணாந்து பார்க்கையிற் கமராவும் அண்ணாந்து, அதன் படத்தளமும் சாய்ந்து விடுவதாலேயே படத்திற் கட்டடம் பின்னோக்கி விழுவது போல் காணப்படுகின்றது. கட்டடங்களைப் படம்பிடிப்பதில் வல்லவர் கமராவைச் சாய்க்காமல், படத்தளத்தை நிமிர்த்தி வைத்து, வில்லையை மட்டும் மேலுயர்த்துவர், கோடுகள் நேராகிவிடும்.

கோயிற் கோபுரத்தை வரையப் புகும் மாணவர்க்கு இன்னுமொரு மயக்கம் நேரும். கோபுரம் இயல்பாகவே மேலே செல்லச் செல்லக் குறுகுவது. அதன் சாய்ந்த மூலைக்கோடுகள் கூடும் புள்ளி வேறு. நிலைக்குத்துக் கோடுகளின் மறைபுள்ளி வேறு. முன்னது சிற்பியின் செயல். பின்னது பார்ப்பவன் கண்ணாடியின் செயல். கோபுர வாயிலின் நேர்ச்சுவர்களையும், நடு அச்சையும் மறைபுள்ளிக்குச் செலுத்திவிட்டு, தளந்தோறும் குறுகும் அளவை அச்சிலிருந்து அளந்து வைத்தல் வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு எல்லாக் கோட்டையும் ஒரே புள்ளிக்கு இழுத்தவர் வரைந்தது கோபுரமாகாது, கூம்பாகும்.

இனி, மூன்று புள்ளிகளை எங்கு இடுவது என்னும் வினாவுக்கு வருவோம். இதற்கு விடைகாண ஒரு சவர்க்காரக் கட்டி போதும். கட்டியின் ஒரு மூலையைக் கத்தியால் எச்சாய்விலேனும் சீவி எடுக்க. வெட்டுமுகம் ஒரு முக்கோணி. நீக்கிய மூலையே கண், மூலையிற் கூடும் மூன்று விளிம்புகள், பெட்டியின் மூன்று திசைகளுக்குச் சமாந்தரமாகக் கண்ணிலிருந்து நீட்டிய கோடுகள், வெட்டுமுகமே படத்தளம், முக்கோணியின் மூன்று உச்சிகளே மூன்று மறைபுள்ளிகள். இப்போது பாகைமானியால் அம்முக்கோணியின் கோணங்களை அளக்க. எத்தனை முறை எப்படிச் சீவினும் மூன்று கோணங்களும் 90 பாகைக்குக் குறைந்தே இருக்கும். காரணம் எளிது. மூலையிலிருந்து மூன்று உச்சிகளுக்கும் உள்ள தூரங்களை நினைக. பைதகரசின் தேற்றப்படி, முக்கோணியின் ஒவ்வொரு பக்கத்தின் வர்க்கமும் அவற்றுள் இரண்டு தூரங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை. ஆகவே, எந்த இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினும் அது மூன்றாம் பக்கத்தின் வர்க்கத்தை விஞ்சும். அவ்வாறு விஞ்சும் முக்கோணி கூர்ங்கோண முக்கோணியே.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கின்றது. அடிவானக் கோட்டிலுள்ள இரு மறைபுள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைக. மூன்றாம் புள்ளி அவ்வட்டத்திற்கு வெளியே இருத்தல் வேண்டும்; அத்தோடு, அவ்விரு புள்ளிகளிலும் அடிவானக் கோட்டிற்கு எழுப்பிய செங்குத்துகளுக்கு இடையிலும் இருத்தல் வேண்டும். இவ்வெல்லையை மீறி இட்ட புள்ளியைக் கொண்டு செங்கோணப் பெட்டியை வரைய இயலாது; உலகில் எங்கு நின்று பார்ப்பினும் அப்படம் பெட்டியாகத் தோன்றாது. தாளின் அடியில் இடமிருக்கின்றது என்பதற்காகவே யாம் அந்நாளிற் புள்ளியிட்டோம். எம் பெட்டிகளுட் சில எங்கும் இல்லாத பெட்டிகள்!

சவர்க்காரக் கட்டி கற்பிக்கும் இரண்டாம் பாடம் இன்னும் அரியது. சீவிய மூலையிலிருந்து வெட்டுமுகத்திற்கு இறக்கிய செங்குத்து, முக்கோணியின் குத்துயரங்கள் மூன்றும் சந்திக்கும் நிமிர்மையத்தில் வந்து விழும். அதுவே பார்வையின் மையம். கண் அப்புள்ளிக்கு நேரே நிற்கின்றது. எவ்வளவு தூரத்தில் நிற்கின்றது? நிமிர்மையத்திலிருந்து ஓர் உச்சிக்குள்ள தூரத்தையும், அதே குத்துயரத்தின் அடிக்குள்ள தூரத்தையும் பெருக்கி வர்க்கமூலம் காண்க. அதுவே கண்ணின் தூரம். கவராயத்தாற் காண விரும்புவோர் அக்குத்துயரத்தை விட்டமாகக் கொண்டு அரைவட்டம் வரைந்து, நிமிர்மையத்திற் செங்குத்தொன்று எழுப்புவாராக. அது அரைவட்டத்தைத் தொடும் வரையுள்ள நீளமே விடை. நிமிர்மையம் என்பதைக் கேத்திரகணித வகுப்பில் யாம் மனனம் செய்தோம். அடுத்த பாடவேளையில் வரைபலகையின் முன் அமர்ந்து மறைபுள்ளிகளை இட்டோம். இரண்டும் ஒன்றே என்று கூறுவாரில்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதன் பயனைக் காண்போம். மூன்று மறைபுள்ளிகளும் 30 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சமபக்க முக்கோணியாய் ஒரு தாளுள் அடங்குகின்றன என்க. நிமிர்மையத்திலிருந்து உச்சிக்கு 17.3, எதிர்ப்பக்கத்திற்கு 8.7. பெருக்கினால் ஏறக்குறைய 150, வர்க்கமூலம் 12.2. அதாவது, அப்படத்தைப் பார்க்கவேண்டிய கண் தாளுக்கு 12 சென்ரிமீற்றர் அண்மையில் இருத்தல் வேண்டும். நூல் படிக்கும் கண்ணோ குறைந்தது 25 சென்ரிமீற்றர் விலகி நிற்கும். கண் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமையாலேயே, மாணவர் வரையும் பெட்டிகள் மூலைகளிற் கூர்த்தும், விளிம்புகளில் இழுபட்டும் காணப்படுகின்றன. பார்வையின் மையத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் 30 பாகைக்குள் படம் அடங்குதல் நன்று என்பது வரைவோர் வழக்கம். அவ்வாறாயின் மேற்கூறிய தாளில் நிமிர்மையத்தைச் சுற்றி 7 சென்ரிமீற்றர் ஆரைக்குள்ளேயே பெட்டி அடங்கவேண்டும். கண்ணை 30 சென்ரிமீற்றர் தூரத்தில் வைக்க விரும்பினால், அச்சமபக்க முக்கோணியின் பக்கம் 73 சென்ரிமீற்றருக்கு மேற்படும். ஏ2 தாளின் நீளமோ 59.4 சென்ரிமீற்றர். எனவே, ஒழுங்கான படத்திற்கு மறைபுள்ளிகள் தாளுக்கு வெளியே, ஏன், பலகைக்கும் வெளியே விழும். தாளுக்குள் எல்லாம் அடங்கவேண்டும் என்னும் ஆசையே பிழையின் வேர்.

கண்ணை மேலும் மேலும் பின்னுக்குக் கொண்டு சென்றால் யாது நிகழும்? மறைபுள்ளிகள் விரைந்து விலகும். கூடும் கோடுகள் சமாந்தரத்தை அணுகும். கண் முடிவிலிக்குச் சென்றுவிட்டால், சமபக்க முக்கோணியிலிருந்து பிறந்த படம் மாணவர் நன்கறிந்த சமவளவெறியமாக மாறிவிடும். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் பாரிசு 1822 இல் விளக்கிய அம்முறையும் மூன்றாம் மறைபுள்ளியும் தாயும் சேயும் போல்வன. இதனை அறிந்த மாணவனுக்கு 30 பாகை மூலைமட்டம் ஒரு சடங்குப் பொருளாயிராது. அதன் காரணமும் அவனுக்குப் புலப்படும்.

இவ்வளவும் எதற்கு என்று வினவுவோர் உளர். அவர் கூற்றில் நியாயமும் உண்டு. பொறியியலாளரும் தச்சரும் கிடைப்படம், நிலைப்படம், பக்கப்படம் என்பவற்றைக் கொண்டே வேலை செய்கின்றனர். பிரெஞ்சு அறிஞர் மொஞ்சு 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒழுங்குபடுத்திய அவ்வெறிய முறையே அளவைப் பழுதின்றித் தருவது. இயலுறு தோற்றத்தில் அடிமட்டத்தை வைத்து நேரே அளக்க இயலாது. மேலும், இன்று கணினி நொடிப்பொழுதில் எத்திசையிலிருந்தும் தோற்றத்தை வரைந்து தருகின்றது. கையால் நாள் முழுதும் வருந்துவானேன் என்பது அவர் கேள்வி.

எமது விடை இது. கணினி வரைகின்றது, மெய்யே. ஆயின், கண்ணை எங்கு வைப்பது என்பதை மனிதனே அதற்குச் சொல்கின்றான். அவன் கண்ணைச் சுவருக்கு வெகு அருகில் வைத்து அகன்ற கோணத்தில் வரையச் செய்தால், சிற்றறை மண்டபமாகத் தோன்றும். இன்று மாடிமனைகளை விற்போர் வெளியிடும் வண்ணப்படங்களை நோக்குக. அறையின் முனையிலுள்ள நாற்காலி தெப்பம் போல் நீண்டு கிடக்கும். கடல்கடந்து உழைத்த பணத்தை, அப்படத்தை மட்டும் நம்பி முற்பணமாகச் செலுத்துவோர் எம்மவருள் எத்தனை பேர்! மறைபுள்ளிகளைக் கண்டு, கண்ணின் தூரத்தை அளக்கத் தெரிந்தவர் ஏமாறார். 20 சென்ரிமீற்றர் அகலமான படத்திற்குக் கண்ணின் தூரம் 10 சென்ரிமீற்றர் என வந்தால், பார்வைக் கோணம் 90 பாகை என்பதும், அறை காண்பதுபோல் விசாலமானதன்று என்பதும் அவர்க்கு உடனே விளங்கும். அளவுப்படம் செய்வோனுக்கு, தோற்றப்படம் வாழ்வோனுக்கு. செய்வோன் தொகை சிறிது. அதனை நம்பி வாழ்வோன் தொகை பெரிது.

இன்னுமொரு பயன் உண்டு. அது எம் உள்ளத்தை நெடுநாள் வருத்திய ஒன்றோடு தொடர்புடையது.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மோடு ஒருங்கு கற்ற நண்பர் ஒருவர் பழைய நிழற்படமொன்றை எம்மிடம் கொணர்ந்தார். அது அவர்தம் பாட்டனார் கட்டிய நாற்சார் வீட்டின் முற்றம். அயல்வீட்டு மேன்மாடியிலிருந்து, ஒரு திருமண நாளில், கமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுத்த படம். போரில் அவ்வீடு அழிந்தது. கதவொன்று மட்டும் எஞ்சி, நிலையோடு பெயர்த்தெடுக்கப்பட்டு, இன்று அவர்தம் தமையனார் வீட்டில் உள்ளது. அவ்விடத்திலேயே மீண்டும் ஒரு வீடு கட்ட விரும்பிய நண்பர், "பழைய தூண்களின் உயரம் எவ்வளவு? முற்றம் எவ்வளவு? சொல்ல எவருமில்லை; இப்படம் சொல்லுமோ?" என்று வினவினார்.

படம் சொல்லிற்று. முற்றத்தின் இரு விளிம்புத் திசைகளும் இரண்டு மறைபுள்ளிகளைத் தந்தன. தூண்கள் கீழே வெகுதூரத்தில் மூன்றாவதைத் தந்தன. படத்தைச் சீமெந்துத் தரையில் ஒட்டி, ஆணியடித்து, நூல்கட்டி அவற்றைக் கண்டோம். நிமிர்மையம் படத்தின் நடுவிலேயே விழுந்தது. ஆகவே, படம் ஓரம் வெட்டப்படாதது என்பது உறுதியாயிற்று. கண்ணின் தூரம் தெரிந்ததும் முற்றத்தின் நீள அகல விகிதம் தெரிந்தது. விகிதத்தைத் தரும் படம் அளவைத் தராது. அதற்குத் தெரிந்த அளவு ஒன்று வேண்டும். அதனை எஞ்சிய கதவு தந்தது. நண்பர் அதன் உயரத்தை அளந்து வந்தார். கதவும் தூண்களும் ஒரே தரைமட்டத்தில் நின்றமையால், கதவின் உயரத்தை மறைபுள்ளியூடாகத் தூணுக்குக் கொண்டு சென்றோம். தூண் எட்டடிக்குச் சற்று மேற்பட்டது.

அவ்வளவை நண்பரின் தாயாரிடம் கூறியபோது, முதியவரான அவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அது மெய்யாய் அவ்வளவு உயரமோ, தம்பி? நான் சின்னப்பிள்ளையாய் இருந்தபடியால்தான் பெரிசாய்த் தெரிஞ்சதெண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றார். அவ்வொரு சொல்லுக்காகவேனும் இக்கலையைக் கற்றல் தகும் என்று யாம் அன்று எண்ணினோம். பள்ளியிலேயே விளங்கிக் கற்றிருக்கலாமே என்று நாணவும் செய்தோம்.

ஆகவே, எமது கருத்தைத் தொகுத்துரைக்கின்றோம். முதலாவது, இயலுறு தோற்றத்தைத் தாளில் தொடங்காது கண்ணாடியில் தொடங்குக. ஒரு கண், ஒரு கண்ணாடி, ஒரு துண்டுச் சவர்க்காரம்: இவற்றிற்குப் பெருஞ்செலவில்லை. இரண்டாவது, கணித ஆசிரியரும் வரைதல் ஆசிரியரும் ஒரு பாடவேளையையேனும் ஒருங்கிருந்து நடத்துக. நிமிர்மையம் என்னும் சொல் இரு வகுப்பிலும் ஒரே பொருளில் ஒலிக்கட்டும். மூன்றாவது, ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையேனும் மறைபுள்ளிகளைப் பலகைக்கு வெளியே, தரையில் ஆணியும் நூலும் கொண்டு அமைத்து ஒரு பெட்டியை வரைக. அதன்பின் கணினியைத் தாராளமாகப் பயன்படுத்துக. ஆயின், கணினி தந்த படத்தை அச்சிட்டு, அதன் கண் எங்கு நிற்கின்றது என்பதை மாணவர் கவராயத்தாற் கண்டு காட்டுக. கருவியை வெறுப்பதும் வேண்டா. கருவிக்கு அடிமையாவதும் வேண்டா. நான்காவது, பரீட்சைக்கு வினாத்தாள் இயற்றுவோர், வரைந்த படத்திற்கு மட்டும் புள்ளி வழங்காது, "இப்படத்தைப் பார்ப்பவர் எங்கு நிற்கின்றார்?" என்னும் வினாவையும் சேர்ப்பாராக. வினா மாறினால் கற்பித்தலும் மாறும்.

ஐந்தாவதாக, பழைய மாணவராகிய எம்மவர்க்கே ஒரு விண்ணப்பம். நாட்டிலும் கடல்கடந்தும் வாழும் நும் இல்லங்களின் பழம் பெட்டிகளுள், இன்று இல்லாத வீடுகளின் நிழற்படங்கள் உறங்குகின்றன. அவற்றின் ஓரங்களை வெட்டாது, முழுப்படியாகப் பிரதியெடுத்துக் கல்லூரிக்கு அனுப்புக. கூடவே, அவ்வீட்டில் எஞ்சிய ஏதேனும் ஒன்றின் அளவையும், அது கதவாயினும் யன்னலாயினும் அம்மியாயினும், எழுதி அனுப்புக. மேல்வகுப்பு மாணவர் அவற்றிலிருந்து அளவுப்படம் வரைந்து கல்லூரி நூலகத்திற் சேர்ப்பாராயின், பாடமும் கற்றதாகும். ஊரின் உருவமும் காத்ததாகும். எல்லாப் படமும் இதற்கு இசையும் என்று யாம் கூறவில்லை. சில படங்கள் ஒரு மறைபுள்ளியை மட்டும் தரும். சில ஒன்றும் தரா. எது தரும், எது தராது என்று பகுத்தறிவதும் அப்பாடத்தின் ஒரு பகுதியே.

விழா என்பது ஒரு நிலையில் நின்று பின்னோக்கிப் பார்ப்பது. தூரம் செல்லச் செல்ல, வெவ்வேறாய் நின்றவை ஒரு புள்ளியிற் கூடுவதுபோல் காணப்படும். அவை உண்மையிற் கூடுவதில்லை. கூடுவதாகக் காண்பது நாம் நிற்கும் நிலையைப் பொறுத்தது. அந்நிலையை அறிந்து காண்பவனே சரியாகக் காண்பவன். யன்னற் கண்ணாடியில் அதனை எமக்குக் காட்ட முயன்ற ஆசிரியப் பெருந்தகைக்கு இக்கட்டுரை எம் காலந்தாழ்ந்த விடைத்தாளாகுக. கல்லூரி அன்னை நீடு வாழ்க!